வானொலி வளர்த்த ஜெர்மன் பாட்டு

பாக், பீத்தோவன், ஷூமன், பிராம்ஸ் முதலிய இசைப் பேரறிஞர்களை உலகுக்கு ஈந்த நாடு ஜெர்மனி. அவ்வாறிருந்தும், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம், அந்நாட்டு இளைஞர்கள் புதுமுறை இசை பாட முற்பட்டபோதெல்லாம் அயல்மொழியாகிய ஆங்கிலத்திலேயே பாடினர். தாய்மொழியில் பாடக் கூசினர். ஜெர்மன் மொழியில் பாடுவது பெற்றோர் தலைமுறைக்குரிய தாலாட்டு மெல்லிசைக்கே ஏற்றது என்பது அவர்கள் எண்ணம். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வானொலியில் அவர்கள் கேட்ட ஜெர்மன் மொழி, சர்வாதிகாரிகளின் முழக்கமாகவே இருந்தது.

அதே மொழியில் பாடப்பெற்ற ஒரு பாட்டு, 1984-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டிப் பிடித்தது. மொழிபெயர்ப்பாக அன்று, மூலமொழியிலேயே. கூச்சத்திற்கும் இக்கொண்டாட்டத்திற்கும் இடையில் நிகழ்ந்தது என்ன?

இக்கேள்விக்கு விடைகள் பல உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம். அதுவே வானொலி, குறிப்பாக, வணிகரின் விளம்பரத்தையே நம்பியிராது, கேட்போர் செலுத்தும் கட்டணத்தால் நடைபெறும் பொது வானொலி.

ஆணையிட்ட பெட்டி

ஜெர்மனியில் வானொலி 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பெர்லின் நகரத்து வாக்ஸ் மாளிகையிலிருந்து முதன்முதல் ஒலித்தது. பத்தே ஆண்டுகளில் அது ஹிட்லரின் கைக்குள் சென்றது. ஏழையும் வாங்கத்தக்க விலையில் 'மக்கள் வானொலிப் பெட்டி' ஒன்றை 1933-இல் அவ்வரசு வெளியிட்டது. விலை 76 மார்க். அப்பெட்டிக்கு இட்ட எண் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஆம் நாளை அவ்வெண் குறித்தது. பெட்டியின் பெயரிலேயே பிரசாரம் தொடங்கிவிட்டது.

1935 அக்டோபரில், ஜாஸ் இசையை ஜெர்மன் வானொலியில் ஒலிபரப்பலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. 1939 செப்டம்பர் முதல் நாள், போர் தொடங்கிய அன்றே, அந்நிய நாட்டு வானொலியைக் கேட்பதும் குற்றம் என ஆணை பிறந்தது. கேட்டவருக்குச் சிறை, கேட்டதைப் பிறரிடம் பரப்பியவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம். ஒரு நாட்டின் காதையே பூட்டிவைத்த காலம் அது. புதிய இசையைத் தேடிக் கேட்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த அக்காலத்தை மனத்திற் கொண்டால்தான், பின்னர் நிகழ்ந்தவற்றின் அருமை விளங்கும்.

மாதம் இரண்டு மார்க்

1945-இல் போர் முடிந்தது. வென்ற நாடுகள் ஜெர்மன் வானொலியை மீண்டும் ஓர் அரசாங்கத்தின் கையில் ஒப்படைக்க விரும்பவில்லை. பிரிட்டிஷார் வசமிருந்த வடமேற்குப் பகுதியில், ஹியூ கிரீன் என்னும் பி.பி.சி. அதிகாரியின் தலைமையில் வடமேற்கு ஜெர்மன் வானொலி உருவாக்கப்பட்டது. அரசுக்கும் அடிமையாகாமல், வணிகர்க்கும் அடிமையாகாமல், கட்டணத்தால் நடைபெறும் பொது நிறுவனம் என்பதே அதன் அமைப்பு. 1950-இல் இத்தகைய மாநில நிலையங்கள் ஒன்றுகூடி 'ஏ.ஆர்.டி.' என்னும் கூட்டமைப்பை நிறுவின. 1956-இல் வடமேற்கு வானொலி இரண்டாகப் பிரிந்தபோது, கொலோன் நகரில் மேற்கு ஜெர்மன் வானொலி தனித்து இயங்கத் தொடங்கியது.

வானொலிக் கட்டணம் 1924-ஆம் ஆண்டு முதல் 1960-களின் இறுதி வரை மாதம் இரண்டு மார்க்காகவே இருந்தது. அச்சிறு தொகையைப் பலகோடி மக்கள் செலுத்தியதால், சிலர் மட்டுமே விரும்பக்கூடிய நிகழ்ச்சிகளையும் நடத்தும் ஆற்றல் நிலையங்களுக்குக் கிடைத்தது. பலர் கொடுத்த பணத்தில் சிலருக்கு நிகழ்ச்சி நடத்துவது முறையா என்று கேட்கலாம். நூலகத்தில் உள்ள எல்லா நூல்களையும் எல்லாரும் படிப்பதில்லை. அதற்காக அவற்றை வெளியே எறிந்துவிடுகிறோமா?

இங்கே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1948-இல் கோபன்ஹேகனில் கூடிய மாநாடு ஐரோப்பிய நாடுகளுக்கு மத்திய அலைகளைப் பங்கிட்டபோது, தோற்ற நாடாகிய ஜெர்மனிக்கு மிகச் சிலவே கிடைத்தன. வேறு வழியின்றி ஜெர்மானியப் பொறியாளர்கள் அதிர்வெண் மிகுந்த எஃப்.எம். அலையை நாடினர். 1949 பிப்ரவரி 28-ஆம் நாள் மூனிக் நகரிலும், மறுநாள் வடமேற்கு வானொலியிலும் அது செயற்படத் தொடங்கியது. எஃப்.எம். அலையில் ஓசை தெளிவாக இருந்தது. இடமும் மிகுதியாக இருந்தது. ஒரே நிலையம் இரண்டு மூன்று நிகழ்ச்சித் தொடர்களை ஒரே வேளையில் நடத்த முடிந்தது. தண்டனையாக வந்தது இசைக்கு வரமாயிற்று.

நள்ளிரவுப் பள்ளிக்கூடம்

கொலோன் வானொலியில் ஹெர்பர்ட் ஐமெர்ட் என்பவர் இரவு நேர இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தார். பகலில் ஒலிபரப்பினால் பெட்டியை மூடிவிடுவார்கள் என அஞ்சத்தக்க புத்தம் புதிய இசையை அவர் இரவில் அறிமுகப்படுத்தினார். 1951 அக்டோபர் 18-ஆம் நாளிரவு, மின்கருவிகளால் உண்டாக்கப்படும் இசையைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பாயிற்று. அதே நாளில், அத்தகைய இசையை ஆக்குதற்கென்றே ஓர் ஒலிக்கூடம் அமைப்பது என நிலையத்தார் முடிவு செய்தனர். இவ்வாறு பிறந்ததே கொலோன் மின்னணு இசைக்கூடம். வானொலி நிலையம் இசையைப் பரப்புவதோடு நில்லாது, இசையைப் பிறப்பிக்கும் தாயகமும் ஆயிற்று. 1953-இல் அங்குப் பணியாற்ற வந்தார் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் இழைத்து அவர் ஆக்கிய 'இளைஞர்களின் கீதம்' 1956 மே மாதம் அந்நிலையத்து மண்டபத்தில் அரங்கேறியது.

அதே ஆண்டு நவம்பரில் ஹங்கேரி நாட்டுப் புரட்சியை அடக்க ரஷ்யத் தாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. குண்டுகள் வெடித்தன, மக்கள் நிலவறைகளில் பதுங்கினர். அப்போது ஜியார்ஜ் லிகெட்டி என்னும் இசைவாணர், மேலே வந்து வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, கொலோன் நிலையம் ஒலிபரப்பிய ஸ்டாக்ஹவுசனின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலவறையில் ஒலி சரியாகக் கேட்காது என்பதே அவர் மேலே வந்ததற்குக் காரணம்! அடுத்த மாதமே எல்லையைக் கடந்து வியன்னாவுக்குத் தப்பினார். 1957-இன் தொடக்கத்தில் கொலோனை அடைந்து, தாம் வானொலியில் கேட்ட அதே இசைக்கூடத்தில் பணியாற்றினார். பிற்காலத்தில் அந்நூற்றாண்டின் தலைசிறந்த இசையாசிரியர்களுள் ஒருவரானார். ஓர் ஒலிபரப்பு ஒரு மனிதனை நாடு கடக்கச் செய்யவும் வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இப்பள்ளிக்கூடத்தின் பயன் அடுத்த தலைமுறையில் வெளிப்பட்டது. ஸ்டாக்ஹவுசனிடம் பயின்ற இர்மின் ஷ்மிட், ஹோல்கர் சுகாய் ஆகிய இருவரும், யாகி லீபெட்சைட், மிக்கேல் கரோலி என்பாருடன் சேர்ந்து 1968-இல் கொலோன் நகரில் 'கேன்' என்னும் இசைக்குழுவை நிறுவினர். அவர்கள் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன; ஆயினும் அவற்றின் தாளமும் ஓசையும் அமெரிக்காவைப் பின்பற்றவில்லை. பிற்காலத்தில் சுகாய் சிற்றலை வானொலியையே ஓர் இசைக்கருவியாகக் கொண்டார். இரவில் பெட்டியைத் திருகித் தொலைநாட்டுக் குரல்களைப் பிடித்து இசையோடு கலந்தார். 1979-இல் வெளிவந்த அவருடைய தட்டில், அவ்வாறு பிடித்த பாரசீகப் பாடகர்களின் குரலை இன்றும் கேட்கலாம்.

மொழியைத் துணிந்து கையாண்டவர்கள் பக்கத்து நகராகிய டூசல்டார்பில் இருந்தனர். ரால்ஃப் ஹூட்டர், ஃபுளோரியன் ஷ்னைடர் என்ற இருவர் அமைத்த 'கிராஃப்ட்வெர்க்' குழுவே அது. கொலோன் வானொலியில் இரவு வேளைகளில் ஒலித்த விந்தை ஓசைகளைக் கேட்டு வளர்ந்ததை ஹூட்டர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1974-இல் அவர்கள் வெளியிட்ட 'ஆட்டோபான்' என்ற பாட்டு 22 நிமிடங்களுக்கு மேல் நீள்வது. நெடுஞ்சாலைப் பயணத்தை எளிய ஜெர்மன் சொற்களால் பாடுவது. அதைச் சுருக்கிய வடிவம் 1975-இல் அமெரிக்கப் பட்டியலில் 25-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 11-ஆம் இடத்தையும் பெற்றது. அடுத்து அவர்கள் வெளியிட்ட தட்டின் பொருளே வானொலிதான். அதன் உறையில் ஹிட்லர் காலத்து வானொலிப் பெட்டி ஒன்றின் வடிவத்தை அச்சிட்டனர். ஆணையிட்ட பெட்டியைப் பாட்டுப் பாட வைத்துவிட்டோம் என்று சொல்லாமற் சொன்னது போலும் அவ்வுறை!

கடல் கடந்த செவி

சொந்த ஊரில் இவர்களைப் புறக்கணித்தவர் பலர். இவர்களைக் கைகொடுத்துத் தூக்கிய பெருமையில் பெரும்பங்கு இங்கிலாந்தில் இருந்த ஒரு வானொலி அறிவிப்பாளரைச் சாரும். அவர் ஜான் பீல். 1967 செப்டம்பரில் பி.பி.சி.யின் முதல் வானொலி தொடங்கியபோது அதிற் சேர்ந்தவர், 2004 அக்டோபரில் பெரு நாட்டில் இறக்கும் வரை 37 ஆண்டுகள் அங்கேயே பணி புரிந்தார். பி.பி.சி.யும் கட்டணத்தால் நடக்கும் நிறுவனமே. ஆதலின் எந்தத் தட்டு விற்கும், எது விற்காது என்ற கவலை அவருக்கு இல்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது அது. பீல் இவ்விதியைப் பாதி கடைப்பிடித்தார்; பாதி மீறினார். கேட்போர் விரும்பும் பாட்டுக்கு அடுத்தபடியாக, அவர்கள் கனவிலும் கேட்டிராத ஒன்றை வைப்பார். விளக்கவுரை சில சொற்களில் முடிந்துவிடும். புரியவில்லையே என்று ஒருவர் பெட்டியை மூடுமுன் அடுத்த பாட்டு வந்துவிடும். நாளை மீண்டும் அதே குழுவின் பாட்டு வரும். மூன்றாம் நாள் அது பழகிய குரலாகிவிடும். பாடம் நடத்துகிறோம் என்று காட்டிக்கொள்ளாமலே பாடம் நடத்திய ஆசிரியர் அவர்.

'நொய்', 'ஃபௌஸ்ட்', 'டாஞ்சரின் ட்ரீம்' முதலிய ஜெர்மன் குழுக்களை அவர் இவ்வாறு பிரிட்டிஷ் இல்லங்களுக்குள் கொணர்ந்தார். டாஞ்சரின் ட்ரீம் குழுவின் 'ஆட்டெம்' என்ற தட்டையே 1973-ஆம் ஆண்டின் சிறந்த தட்டாக அவர் தேர்ந்தார். மறு ஆண்டில் அக்குழுவின் அடுத்த தட்டு பிரிட்டிஷ் பட்டியலின் முதல் இருபதுக்குள் நுழைந்தது. கேன் குழு 1973 முதல் 1975 வரை பலமுறை பீலின் நிகழ்ச்சிக்கென்றே பி.பி.சி. கூடத்தில் வாசித்தது. பின்னர் 1982-இல், ஹாம்பர்க் நகரத்துப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'எக்ஸ்மால் டாய்ச்லாண்ட்' என்னும் குழுவையும் அவர் அழைத்தார். அவர்கள் ஜெர்மன் மொழியிலேயே பாடினர். கேட்டவருள் பெரும்பாலோர்க்குச் சொற்கள் விளங்கியிரா. ஆயினும் பாட்டு விளங்கிற்று. தம் மொழியை அந்நியர் ஆவலோடு கேட்கிறார்கள் என்று அறிந்தபோது, ஜெர்மன் இளைஞர்க்கு ஏற்பட்ட ஊக்கம் சிறிதன்று.

மதிலுக்கு அப்பால்

கிழக்கு ஜெர்மனியின் கதை வேறு. அங்கு வானொலி அரசின் உடைமை. 1958-இல் பிறந்த விதியின்படி, ஒலிக்கும் இசையில் நூற்றுக்கு 60 பங்கு சோஷலிச நாடுகளைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். 1964-இல் இளைஞர் பெருவிழா ஒன்றையொட்டிப் பெர்லினில் 'டி.டி.64' என்ற இளைஞர் ஒலிபரப்பு தொடங்கிற்று. விழா முடிந்ததும் நிறுத்த எண்ணியது, கேட்போர் விருப்பத்தால் தொடர்ந்தது. ஆனால் மறு ஆண்டே காற்று மாறியது. 1965 அக்டோபரில் லைப்சிக் நகரில் இசைக்குழுக்கள் தடை செய்யப்பட்டதை எதிர்த்துத் தெருவில் கூடிய இளைஞர்களைப் போலீசார் நீர்பாய்ச்சிக் கலைத்தனர். மேல்நாட்டுப் பாட்டைப் போலி செய்வதைத் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் கட்சிக் கூட்டத்தில் கண்டித்தார்.

ஆங்கிலம் ஆகாது, ஆட்ட இசையையும் அடியோடு ஒழிக்க இயலாது. ஆகவே, பாடுவதானால் ஜெர்மன் மொழியில் பாடுங்கள் என்ற நெருக்கடி எழுந்தது. நெருக்கடியிலும் நல்ல பாட்டுகள் பிறந்தன. 1969-இல் தோன்றிய 'புடிஸ்', 1975-இல் தோன்றிய 'காரட்' முதலிய குழுக்கள் தாய்மொழியில் பாடிப் புகழ் பெற்றன. இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம் ஒன்றே இருந்தமையால், தட்டுக்கு வராத பல பாட்டுகளை வானொலி நிலையமே தன் கூடத்தில் பதிவு செய்து ஒலிபரப்பியது. காரட் குழு 1978-இல் பாடிய 'ஏழு பாலங்கள்' பாட்டை 1980-இல் மேற்கு ஜெர்மானியரான பீட்டர் மாஃபை தாமும் பாடினார். மனிதர் கடக்க முடியாத மதிலைப் பாட்டு கடந்தது.

எனினும், அரசின் கை கொடுக்கவும் வல்லது, பறிக்கவும் வல்லது. லைப்சிக் நகரத்து 'ரென்ஃப்ட்' குழு, அரசு விரும்பாத சொற்களைப் பாடியதற்காக 1975-இல் தடை செய்யப்பட்டது. இனி அப்படியொரு குழு இல்லை என்றே அதிகாரிகள் அறிவித்தனர். கேட்போர் வேறு வழி கண்டனர். மேற்குப் பெர்லினிலிருந்து வந்த ஒலிபரப்பை இரவில் கேட்டனர். டி.டி.64 முழுமையான தட்டுகளை ஒலிபரப்பியபோது, ஒலிப்பதிவுக் கருவியை ஆயத்தமாக வைத்துப் பதிவு செய்துகொண்டனர்.

1986-இல் அதே நிலையத்தில் லுட்ஸ் ஷ்ரம் என்பவர் 'பராக்டிகும்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, அரசின் ஆதரவு பெறாத குழுக்களின் இசையையும் ஒலிபரப்பினார். அத்தகைய குழுக்களில் ஒன்று 'ஃபீலிங் பி'. அதில் வாசித்தவர்களில் மூவர், 1994-இல் தோன்றி, ஜெர்மன் மொழியிலேயே பாடி உலகை வலம் வந்த 'ராம்ஸ்டைன்' குழுவில் பின்னர் இடம் பெற்றனர்.

நாடு 1990-இல் ஒன்றுபட்டது. பழைய அரசின் வானொலியைக் கலைக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. அவ்வாண்டு செப்டம்பரில் டி.டி.64-இன் அலைகள் வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால், மறுநாளே அவை திருப்பித் தரப்பட்டன. பின்னர் ஊர்தோறும் கேட்போர் சங்கங்கள் கூடின, ஊர்வலங்கள் நடந்தன. பெயரும் உருவும் மாறி, 1993 மே மாதத்தில் அந்நிலையம் 'ஸ்புட்னிக்' ஆயிற்று. ஒரு வானொலி நிலையத்தைக் காக்க மக்கள் தெருவில் இறங்கினர் என்றால், அது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது தெளிவு.

அலை எழுந்ததும் வீழ்ந்ததும்

மேற்கில் 1970-களின் இறுதியில் 'புதிய ஜெர்மன் அலை' எழுந்தது. 1973-லேயே உடோ லிண்டன்பெர்க் பேச்சு மொழியில் ராக் இசை பாடி வழி திறந்திருந்தார். பின்வந்தோர் அவ்வழியே ஓடினர். 1980-இல் 'ஃபேல்ஃபார்பன்', 1982-இல் 'ட்ரியோ', 1983-இல் 'நேனா' என வரிசையாகக் குழுக்கள் புகழ் பெற்றன. நேனாவின் '99 பலூன்கள்' பாட்டே முதலில் நாம் குறிப்பிட்டது. பலூன்களை விண்வெளியிலிருந்து வந்த பறக்கும் பொருள்கள் என எண்ணிப் போர் மூண்டுவிடும் கதை அது. கூசியிருந்த மொழி, போரை வேண்டாம் என்று உலகுக்குச் சொல்லும் மொழியாயிற்று.

ஆனால் வெற்றி கண்ட வணிகர்கள் போலிகளைக் குவித்தனர். அலை விரைவில் ஓய்ந்தது. 1980-களின் நடுவில் தனியார் வானொலிகள் தோன்றின. போட்டியின் நெருக்கத்தால் பொது நிலையங்களிற் சிலவும், பெயர்பெற்ற பாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பலாயின. தம் மொழிப் பாட்டுக்கு இடமில்லை என்ற முறையீடு வலுத்தது. பிரான்சு 1994-இல் சட்டம் இயற்றி, பிரெஞ்சுப் பாட்டுக்கு நூற்றுக்கு 40 பங்கு இடம் ஒதுக்கியது. ஜெர்மன் நாடாளுமன்றமோ 2004 டிசம்பரில் நூற்றுக்கு 35 பங்கு என்ற அளவைக் குறித்து, நிலையங்கள் தாமே முன்வந்து ஏற்கும்படி கேட்டுக்கொண்டது.

ஒதுக்கீடு தேவையா, தேவையில்லையா என்பது வாதத்துக்குரியது. மேலே கண்ட வரலாறு இரு புறமும் சான்று கூறுகிறது. கிழக்கில் கட்டாயம் பாட்டை வளர்த்தது உண்மை; அதே கட்டாயம் ரென்ஃப்ட் குழுவின் வாயை அடைத்ததும் உண்மை. எண்ணிக்கையால் மட்டும் இசை வளராது. அறிவும் அன்பும் உடைய ஒருவர், தட்டைத் தேர்ந்தெடுத்து, 'இதைக் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்ல வேண்டும். ஐமெர்ட்டும் பீலும் ஷ்ரமும் செய்தது அதுவே. அவர்களுக்கு இடமும் நேரமும் கொடுத்து, எத்தனை பேர் கேட்டார்கள் என்று நாள்தோறும் கணக்குக் கேட்காத நிலையங்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்தன. அந்நிலையங்களுக்குப் பின்னால், தமக்குப் பிடிக்காத நிகழ்ச்சிக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்திய பொதுமக்கள் இருந்தனர்.

இன்று கைப்பேசியில் உலகின் பாட்டெல்லாம் கிடைக்கின்றன. நேற்று நாம் விரும்பியதைக் கணக்கிட்டு, அதைப் போன்ற ஒன்றையே இயந்திரம் இன்றும் நம்முன் நீட்டுகிறது. தெரிந்ததிலிருந்து தெரிந்ததற்கே நம்மை அது அழைத்துச் செல்கிறது. பிடிக்குமோ பிடிக்காதோ என்று அறியாத ஒன்றைக் கேட்கும் பொறுமை ஒரு சமூகத்தில் அற்றுப்போனால், அச்சமூகத்தில் புதிய பாட்டுப் பிறப்பதும் அருகிவிடும். தன் மொழியில் புதுப்பாட்டு வேண்டும் என விரும்புவோர், பாடுபவரை ஊக்குவதோடு நின்றுவிடலாகாது. கேட்கும் செவிகளையும் வளர்த்தல் வேண்டும். ஜெர்மானியர் மாதம் இரண்டு மார்க் செலவில் கற்ற பாடம் இது.